சிறு கம்பெனிகள் டிபென்ச்சர் மூலம் கடன் திரட்டுவது எப்படி? ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் தொழில்முனைவோருக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கத்தில் தொழில் நடத்துபவர்களுக்குக் கடன் என்றால் வங்கி, சீட்டு, தெரிந்தவரிடம் கைமாற்று என்ற மூன்றுதான் நினைவுக்கு வரும். உங்கள் கம்பெனியே கடன் பத்திரம் வெளியிட்டு, அறிந்த சில முதலீட்டாளர்களிடம் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குப் பணம் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பங்காக மாறாத இந்தப் பத்திரத்தைத்தான் டிபென்ச்சர் என்கிறோம். பங்குச் சந்தையில் பட்டியலிட வேண்டியதில்லை. கம்பெனியின் பங்கு ஒன்றுகூட வெளியார் கைக்குப் போகாது.

ராணிப்பேட்டையில் காலணி மேற்பகுதி தைக்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வேலையை முடிப்பதற்குள் ஆடிட்டர், கம்பெனி செயலர், வக்கீல், வங்கி என்று மாறி மாறி அலைந்தோம். ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் சொன்னார்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று சொல்ல ஆளில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது வட்டி எத்தனை சதவீதம், யார் பணம் போடுவார்கள் என்பதைத்தான். அவை இரண்டையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வேண்டியது உங்கள் வங்கி கொடுக்கும் ஒரே ஒரு கடிதம். அது கைக்கு வராத வரை வேறு யாருக்கும் கட்டணம் கொடுக்காதீர்கள்.

1. இது உங்களுக்குப் பொருந்துமா?

டிபென்ச்சர் வெளியிடக் கம்பெனியாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் அண்ணன் தம்பிகள் தலைமுறையாகக் கூட்டாண்மையாகவே நடத்தும் நிறுவனங்கள் உண்டு. அவர்களால் இந்த வழியில் போக முடியாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 366-ஆம் பிரிவின்படி கூட்டாண்மையைக் கம்பெனியாக மாற்றிக்கொண்ட பிறகுதான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்து, பணம் எதற்கு என்று பாருங்கள். சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பதுதான் பிரச்சினை என்றால் டிபென்ச்சர் வேண்டாம். சிறு தொழில்களின் பில்லுக்கு நிதி நிறுவனங்கள் முன்கூட்டியே பணம் தரும் டிரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லை ஏற்றிப் பணமாக்கலாம். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அந்தத் தளங்களில் பதிவு செய்தாக வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு. ஆகவே உங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய ஏற்றுமதியாளர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அடமானம் இல்லாமல் கடன் வேண்டும் என்றால், சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியத்தின் வரம்பு 2025 ஏப்ரலில் 10 கோடியாக உயர்ந்திருக்கிறது. வங்கியில் அதைப் பற்றி முதலில் கேளுங்கள்.

புதிய இயந்திரம், கூடுதல் கட்டடம் போல மூன்று நான்கு ஆண்டில் திரும்பி வரும் செலவுக்கே டிபென்ச்சர் ஏற்றது. தொகையும் சிறியதாக இருக்கக் கூடாது. வக்கீல், முதலீட்டாளர்களின் சார்பில் பிணையை வைத்திருக்கும் அறங்காவலர், சொத்து மதிப்பீட்டாளர் ஆகியோரின் கட்டணம் 50 லட்சம் திரட்டினாலும் 5 கோடி திரட்டினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாம் சேர்ந்து 6 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு 1 கோடி வாங்கினால் ஆண்டுக்கு 2 சதவீதம் அதற்கே போய்விடும். 3 கோடி வாங்கினால் அது 0.67 சதவீதம். ஒரு கோடிக்குக் குறைவாக வேண்டும் என்றால் இதில் இறங்காதீர்கள் என்பது என் கருத்து.

2. வங்கியின் கடிதம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

பட்டியலிடாத ஒரு கம்பெனி பிணையில்லாத டிபென்ச்சர் வெளியிட்டால் சட்டத்தின் பார்வையில் அது டெபாசிட், அதாவது தனிக் கட்டுப்பாடுகள் உள்ள வைப்புப் பணம். 2014-ஆம் ஆண்டின் டெபாசிட் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. டெபாசிட் விதிகளை மீறினால் கம்பெனிக்கு அபராதம் கோடிக்கணக்கில் போகும். பொறுப்பான அதிகாரிகளுக்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. இதிலிருந்து விலக்கு வேண்டும் என்றால் டிபென்ச்சருக்குக் கம்பெனிச் சொத்தின் மீது முதல் சார்ஜ், அதாவது மற்றக் கடன்காரர்களுக்கு முந்திய பிணை உரிமை, இருக்க வேண்டும். அல்லது முதல் சார்ஜுக்குச் சமமான உரிமை இருக்க வேண்டும். வங்கிக்காரர்கள் அதைப் பாரி பாஸு என்பார்கள். திரட்டும் தொகை, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் போடும் சந்தை மதிப்பைத் தாண்டக் கூடாது. வணிகச் சின்னம், நற்பெயர் போன்றவை இதில் பிணையாகச் செல்லாது.

இங்கேதான் சிக்கல். நடைமுறை மூலதனக் கடன் வாங்கியிருந்தால் நிலம், கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாவற்றின் மீதும் வங்கி ஏற்கெனவே முதல் சார்ஜ் வைத்திருக்கும். அதற்குப் பின்னால் இரண்டாவது சார்ஜ் கொடுத்து டிபென்ச்சர் வெளியிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டாவது சார்ஜ் அந்த விலக்கைத் தராது. வங்கியிடம் மூன்றில் ஒன்றைக் கேட்க வேண்டும்: ஒரு குறிப்பிட்ட சொத்தை அடமானத்திலிருந்து முழுதாக விடுவிப்பது, அதே சொத்தில் சம உரிமை தருவது, அல்லது டிபென்ச்சர் பணத்தில் வாங்கப்போகும் புதிய இயந்திரத்தின் மீது வங்கி உரிமை கோராது என்று எழுதிக் கொடுப்பது. மூன்றாவதுதான் எளிதில் கிடைக்கும். ஆனால் பணம் வரும் நாளிலேயே பிணை இருக்க வேண்டும் என்பதால், இன்னும் வாங்காத இயந்திரத்தை மட்டும் நம்ப முடியாது. எங்கள் கம்பெனி செயலர் இதில் பிடிவாதமாக இருந்தார். அவர் சொன்னது சரி.

விண்ணப்பத்தைக் கிளை மேலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தால் அது அங்கேயே கிடக்கும். இந்த அனுமதியைக் கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் வட்டார அலுவலகத்திலோ மண்டல அலுவலகத்திலோதான் இருக்கும். எந்த அலுவலகம், எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே கடைசி மூன்று ஆண்டு தணிக்கை அறிக்கை, இப்போதைய சரக்கு அறிக்கை, டிபென்ச்சருக்குப் பிறகும் வங்கிக் கடனுக்குப் போதிய பிணை மிஞ்சும் என்று காட்டும் ஒரு பக்கக் கணக்கு ஆகியவற்றைக் கொடுங்கள். அந்த ஒரு பக்கம் இல்லாமல் போகும் கோப்பு கேள்வியோடு திரும்பி வரும். ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் வாசகத்தையும் பாருங்கள். “ஆட்சேபம் இல்லை” என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்தச் சொத்து, எவ்வளவு தொகை, எந்த வகை உரிமை, யார் பெயருக்கு என்ற நான்கும் இருக்க வேண்டும்.

3. சொத்துப் பத்திரங்கள்

வங்கிக் கடிதத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். தோல் பதனிடும் ஆலையாக இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நீங்கள் உறுப்பினர் என்ற சான்றும் வேண்டும். இசைவு காலாவதியாகியிருந்தால் ஓடாத ஆலையாகவே மதிப்பீட்டாளர் கணக்கில் எடுப்பார். அதைப் புதுப்பித்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.

நம் பக்கத்துப் பழைய நிலங்களில் தவறாமல் வரும் தொல்லை சர்வே எண். கிரயப் பத்திரத்தில் 214/2 என்று இருக்கும். பின்னால் உட்பிரிவு செய்து பட்டாவில் 214/2ஏ, 214/2பி என்று இரண்டாகியிருக்கும். வில்லங்கச் சான்று பழைய எண்ணுக்குப் போட்டால் ஒரு கதை சொல்லும், புதிய எண்ணுக்குப் போட்டால் இன்னொரு கதை சொல்லும். அறங்காவலரின் வக்கீல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த 2பி யாருடையது?” என்று கேட்பார். அதற்கு வாய்வார்த்தையாகப் பதில் சொல்ல முடியாது. உட்பிரிவு வரைபடத்தின் நகலைத் தாலுகா அலுவலகத்தில் முன்பே வாங்கி வைத்திருங்கள். பழைய வடஆற்காடு மாவட்டம் பிரிந்து, பிறகு 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அதனால் பத்திரத்தில் ஒரு மாவட்டமும் பட்டாவில் வேறு மாவட்டமும் இருப்பது இயல்பு. அது குறையில்லை. ஆனால் எல்லாப் படிவங்களிலும் ஒரே மாதிரி எழுதுங்கள், இல்லாவிட்டால் சார்ஜ் பதிவின்போது கேள்வி வரும்.

சிப்காட் மனையில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அந்த நிலம் உங்களுடையதல்ல, 99 ஆண்டுக் குத்தகை. குத்தகை உரிமையை அடமானம் வைக்கச் சிப்காட்டின் தடையின்மைச் சான்று வேண்டும். வங்கிக்காக முன்பு வாங்கிய சான்றைக் காட்டினால் செல்லாது. டிபென்ச்சர் அறங்காவலர் பெயருக்கு என்று குறிப்பிட்டுப் புதிதாகக் கேளுங்கள். பராமரிப்புக் கட்டண நிலுவை இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே கட்டிவிடுங்கள்.

4. தீர்மானங்கள்

முதலில் கம்பெனியின் சங்க விதிகளில் டிபென்ச்சர் வெளியிடும் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு 7 நாள் முன்னறிவிப்பு, பங்குதாரர் கூட்டத்துக்கு 21 நாள். பங்கு மூலதனத்தில் 95 சதவீதம் வைத்திருக்கும் பெரும்பான்மைப் பங்குதாரர்கள் எழுத்தில் சம்மதித்தால் கூட்டத்தைச் சீக்கிரமே நடத்தலாம். குடும்பக் கம்பெனிகளில் அதற்குச் சிரமம் இருக்காது. சிறப்புத் தீர்மானம் ஒருமுறை நிறைவேற்றினால் அடுத்த ஓராண்டுக்குள் வெளியிடும் எல்லா டிபென்ச்சருக்கும் அது போதும்.

தீர்மானத்தை எம்.ஜி.டி-14 படிவத்தில் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்த பிறகே முதலீட்டாளருக்கு வெளியீட்டுக் கடிதம் போக வேண்டும். நம் மாவட்டங்களுக்குப் பதிவாளர் சென்னையில் இருக்கிறார். எல்லாம் இணையத்தில் என்பதால் நேரில் போக வேண்டியதில்லை. முந்தைய வெளியீடு ஏதாவது ஒதுக்கீடு (பணம் கொடுத்தவர் பெயருக்குப் பத்திரம் வழங்குவது) முடியாமல் கிடந்தால் அதை முடித்த பிறகே புதியதைத் தொடங்க முடியும்.

5. அறங்காவலரும் டீமேட்டும்

பிணையுள்ள டிபென்ச்சருக்கு அறங்காவலர் கட்டாயம். முதலீட்டாளர்களின் சார்பில் சொத்தின் மீதான உரிமையை வைத்திருப்பவர் அவர். இயக்குநரின் உறவினர், கம்பெனியின் ஊழியர், பங்குதாரர், கம்பெனிக்குக் கடன்பட்டவர் ஆகியோர் அறங்காவலராக முடியாது. “எங்கள் மாமா மகன் வக்கீல்தான், அவரையே போட்டுவிடலாம்” என்ற யோசனையை அப்போதே விட்டுவிடுங்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற அறங்காவலர் நிறுவனத்தை அமர்த்தினால் கட்டணம் கூடும், ஆனால் முதலீட்டாளருக்கு நம்பிக்கையும் கூடும். ஏற்புக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், பணம் திரும்ப வராத நிலையில் அவர்கள் வாங்கும் கட்டணம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை.

சட்டம் சொல்லும் சிறு கம்பெனி என்ற வரையறைக்குள் வராத தனியார் கம்பெனிகள் பத்திரங்களை டீமேட், அதாவது மின்னணு வடிவில்தான் வெளியிட வேண்டும். பதிவு மற்றும் மாற்று முகவர் ஒருவரை அமர்த்தி, மின்னணுப் பத்திரங்களை வைத்திருக்கும் என்.எஸ்.டி.எல் அல்லது சி.டி.எஸ்.எல் மூலம், வெளியீட்டை அடையாளம் காட்டும் ஐசின் எண் வாங்க வேண்டும். இயக்குநர்களும் நிறுவனர்களும் தங்கள் பங்குகளை முதலில் டீமேட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். எழுபது வயதுப் பெரியவருக்கு டீமேட் கணக்கு திறக்கும்போது ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் அதைத் திருத்தவே சில வாரம் பிடிக்கும்.

6. யாரிடம் கேட்கலாம்

ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகக் கூடாது. வங்கி, பரஸ்பர நிதி போன்ற தகுதி பெற்ற நிறுவன முதலீட்டாளர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். பணம் போட்டவர்களை அல்ல, கடிதம் பெற்றவர்களை எண்ண வேண்டும். கடிதம் பி.ஏ.எஸ்-4 படிவத்தில், வரிசை எண்ணோடு, பெயர் குறிப்பிட்டுப் போக வேண்டும். பெயர்களை முன்பே பதிவேட்டில் எழுதி, எழுதிய 30 நாளுக்குள் கடிதம் அனுப்ப வேண்டும். ஒருவருக்கு வந்த கடிதத்தை அவர் தம் நண்பருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

விளம்பரம் கூடவே கூடாது. வணிகர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் “13 சதவீத வட்டி, விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்” என்று ஒரு வரி போட்டாலும் அது பொது வெளியீடாகக் கருதப்படும் ஆபத்து இருக்கிறது. அப்படி ஆனால் வாங்கிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் அபராதமும் உண்டு.

2022-இல் காட்பாடியை மையமாக வைத்து நடந்த நிதி நிறுவன மோசடியில் நம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. இன்று யாரிடம் போய் “வட்டி தருகிறோம், பணம் கொடுங்கள்” என்றாலும் அந்த நினைவுதான் அவர்களுக்கு முதலில் வரும். வர வேண்டியதுதான். அதனால் அவர்கள் கேட்பதற்கு முன்பே வில்லங்கச் சான்று, மதிப்பீட்டு அறிக்கை, அறங்காவலரின் சம்மதக் கடிதம், மூன்று ஆண்டு வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைக் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போய்த் தங்கள் ஆடிட்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் போட முன்வரும் ஓய்வுபெற்றவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் தொழில் ஓராண்டு படுத்தாலும் தாங்கக்கூடியவர்களின் பணமே இதற்கு ஏற்றது.

வட்டி வாங்குவதில்லை என்ற கொள்கையுள்ளவர்கள் மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் வட்டிக்கு வேறு பெயர் வைத்துப் பேசாதீர்கள். அவர்களோடு சேர வேண்டும் என்றால் லாபத்தில் பங்கு என்ற வழியைத் தனியாகப் பேசுங்கள். வளைகுடாவில் இருக்கும் உறவினரின் பணத்தையும் இதில் கலக்காதீர்கள். அதற்கு அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நிபந்தனைகள் வேறு.

7. பணம் வாங்கும் நாள்கள்

தேதிகள் தவறக் கூடாத இடம் இது. இந்த வெளியீட்டுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். ரொக்கம் வாங்கக் கூடாது. முதலீட்டாளரின் சொந்தக் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். மகன் கணக்கிலிருந்து தந்தை பெயருக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்.

பணம் வந்த 60 நாளுக்குள் ஒதுக்கீடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதுவும் தவறினால் 60-ஆம் நாள் முடிந்ததிலிருந்து 12 சதவீத வட்டி. ஒதுக்கீடு செய்த 15 நாளுக்குள் அதன் விவரத்தைப் பி.ஏ.எஸ்-3 படிவத்தில் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய், 25 லட்சம் வரை ஏறும். அந்தப் படிவம் தாக்கலாகும் வரை பணத்தைத் தொடக் கூடாது. இயந்திரம் விற்பவர் முன்பணம் கேட்டு அவசரப்படுத்தினாலும் இந்தக் கணக்கிலிருந்து கொடுக்காதீர்கள்.

அறங்காவல் பத்திரத்தை எஸ்.எச்-12 வடிவில் வெளியீடு முடிந்த மூன்று மாதத்துக்குள் எழுதலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிணை இருந்தால்தான் டெபாசிட் விதியிலிருந்து விலக்கு என்பதால், வரைவை முன்பே முடித்து வைத்திருந்து பணம் வரும்போதே கையெழுத்திடுங்கள். உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து அடமானம் வைத்தால் அந்த ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சார்ஜ் உருவான 30 நாளுக்குள் அதைப் பதிவு செய்யும் சி.எச்.ஜி-9 படிவம் பதிவாளருக்குப் போக வேண்டும்.

8. 3 கோடிக்கு ஒரு கணக்கு

மூன்று ஆண்டு, 13 சதவீத வட்டி, ஆண்டுக்கு 1 கோடி வீதம் அசல் திருப்புவது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வட்டி 39 லட்சம், காலாண்டுக்கு 9.75 லட்சம். அதில் 10 சதவீதம், அதாவது 97,500 ரூபாயை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். டிபென்ச்சருக்கான முத்திரைத் தீர்வை 2020 ஜூலை முதல் நாடு முழுவதும் 0.005 சதவீதம், ஆக வெறும் 1,500 ரூபாய். பதிவாளரிடம் தாக்கல் செய்யும் எம்.ஜி.டி-14, பி.ஏ.எஸ்-3 போன்ற படிவங்களுக்கு, மூலதனம் 1 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிக்கும் ஒவ்வொன்றுக்கும் 600 ரூபாய்தான். அரசுக்குப் போவது சொற்பம். செலவு வைப்பது கட்டணங்களும் அடமானப் பதிவும்.

பலர் கணக்கில் சேர்க்காத இரண்டு தொகைகள் உண்டு. நிலுவையிலுள்ள டிபென்ச்சரில் 10 சதவீதத்தை, இங்கே 30 லட்சத்தை, லாபத்திலிருந்து மீட்பு இருப்பு நிதியாக ஒதுக்க வேண்டும். அந்தத் தொகையை டிவிடெண்டாகக் கொடுக்க முடியாது. அது தவிர, அடுத்த மார்ச் 31-க்குள் முதிர்வடையும் தொகையில் 15 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30-க்குள் வங்கி வைப்பாகவோ அரசுப் பத்திரமாகவோ போட்டு வைக்க வேண்டும். நம் கணக்கில் அது 15 லட்சம் ரொக்கம். ஏப்ரல் மாதம் ஐரோப்பிய ஆர்டருக்குத் தோல் வாங்கப் பணம் தேவைப்படும் காலமாக இருந்தால், அந்த 15 லட்சத்தை மார்ச்சிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

9. பணம் வந்த பிறகு

வட்டித் தேதிகளை ஏற்றுமதிப் பணம் வரும் மாதங்களோடு பொருத்தி முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் எழுதிய பிறகு மாற்றுவது கடினம். வட்டி ஒரு நாள் தாமதமானாலும் அறங்காவலருக்கு நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 நிலவரப்படி பாக்கியை டி.பி.டி-3 படிவத்தில் ஜூன் 30-க்குள் காட்ட வேண்டும். விலக்கு பெற்ற டிபென்ச்சரும் அதில் இடம்பெற வேண்டும். டெபாசிட் இல்லை என்பதால் இந்தப் படிவம் தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறைய.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிடாது. அறங்காவலரிடம் நிலுவையில்லைச் சான்று வாங்கி, 30 நாளுக்குள் சார்ஜ் நீங்கியதைத் தெரிவிக்கும் சி.எச்.ஜி-4 படிவம் தாக்கல் செய்யுங்கள். ஒப்படைத்த மூலப் பத்திரங்களை, கொடுத்தபோது வாங்கிய பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்துத் திரும்ப வாங்குங்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ரசீது பதிந்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டு, அடமானம் நீங்கிய பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கடனுக்குப் போகும்போது வங்கி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.